வேறு தொழில்களில் இருந்து வியாபார யோசனை எடுப்பது எப்படி? கொட்டாஞ்சேனைத் தூள் மில் ஒன்றின் கேள்வி

தூள்மில் மகள் (கொட்டாஞ்சேனை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொட்டாஞ்சேனையில் என் தகப்பனார் முப்பது வருடங்களுக்கு மேலாக நடத்திவந்த சிறிய அரைக்கும் மில்லை, அவருக்கு உடல்நிலை இடங்கொடுக்காததால், கடந்த வருடம் முதல் நான் பொறுப்பேற்று நடத்தி வருகிறேன். வறுத்து அரைத்த கறித்தூள், தனி மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், அரிசி மா, குரக்கன் மா, ஒடியல் மா ஆகியவற்றை விற்பதோடு, வீட்டில் இருந்து சாமான் கொண்டுவருபவர்களுக்குக் கூலிக்கும் அரைத்துக் கொடுக்கிறோம். இரண்டு இயந்திரங்களும், வறுப்பதற்கு ஓர் அடுப்பும், மூன்று வேலையாட்களும் இருக்கிறார்கள்.

நடந்து போகும் தூரத்தில் எங்களைப் போல இன்னும் நான்கு மில்கள் உள்ளன. தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புதுவருடத்துக்கும் விலைக்கழிவு கொடுப்பது, பேஸ்புக்கில் தூள் குவியலின் படத்தைப் போடுவது, கடை வாசலில் பெரிய பதாகை கட்டுவது என்று ஒருவர் செய்வதைத்தான் மற்ற நால்வரும் செய்கிறோம். நான் கிலோவுக்கு ஐம்பது ரூபா குறைத்தால் அடுத்த கிழமையே அவர்களும் குறைக்கிறார்கள். இறுதியில் ஐவரின் இலாபமும் குறைகிறதே தவிர ஒருவருக்கும் ஒரு வாடிக்கையாளர்கூடக் கூடுவதில்லை. இதற்கிடையில் இளம் குடும்பங்கள் சுப்பர்மார்க்கெட்டில் பொதி செய்த தூளை வாங்கப் பழகிவிட்டார்கள்.

அண்மையில் ஹென்றி ஃபோர்டின் மோட்டார்த் தொழிற்சாலையைப் பற்றி வாசித்தேன். 1913இல் அங்கே நகரும் தொடர்வரிசை முறையைக் கொண்டுவந்தபோது, ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பொருத்த 12 மணி நேரத்துக்கும் மேலாக எடுத்த வேலை சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்ததாம். அந்த முறையின் வேர்களில் ஒன்று சிக்காகோவின் இறைச்சிக்கூடங்களில் இருந்தது என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. அங்கே கொக்கியில் தொங்கிய விலங்கு ஒவ்வொரு தொழிலாளியையும் கடந்து செல்லச் செல்லத் துண்டு துண்டாகக் குறைந்தது. ஃபோர்டின் கூடத்தில் வண்டி ஒவ்வொருவரையும் கடந்து செல்லச் செல்லப் பாகம் பாகமாகக் கூடியது.

வேறு தொழிலைப் பார் என்று சொல்வது எளிது. வெள்ளவத்தையில் இருந்து பம்பலப்பிட்டி வரை காலி வீதியில் நடந்தால் நூற்றுக்கணக்கான கடைகள் இருக்கின்றன. அவற்றுள் எந்தக் கடையிடம் எனக்கான பாடம் இருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்கள் வேறொரு தொழிலில் இருந்து எதையாவது எடுத்து உங்கள் தொழிலில் செய்து பார்த்திருந்தால், அது பலித்ததா என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள். பலிக்காதவற்றையும் அறிய விரும்புகிறேன்.

செட்டியார் தெருக் கணக்கர் எழுதியது:

மகள், உங்கள் கேள்வி மிகவும் சரியான இடத்தில் நிற்கிறது. நான் செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் இருபத்திரண்டு வருடங்கள் கணக்கு எழுதியவன். தூளுக்கும் தங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் நினைக்கலாம். இரண்டிலும் வாங்குபவருடைய பயம் ஒன்றேதான். மிளகாய் முழுதாக இருக்கும்போது அதன் நிறத்தையும் காம்பையும் பூஞ்சணத்தையும் எவரும் பார்க்கலாம்; அரைத்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்பது அரைத்தவருக்கு மட்டுமே தெரியும். நகையும் அப்படித்தான். 22 கரட் என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒரு சங்கிலியைக் கையில் எடுத்துப் பார்த்து அதை எவராலும் சொல்ல முடியாது.

ஆகவே, எந்தக் கடையைப் பார்ப்பது என்ற கேள்விக்கு என் விடை இது: உங்கள் வாடிக்கையாளர் எதை நினைத்துத் தயங்குகிறார் என்பதை முதலில் ஒரு வசனத்தில் எழுதுங்கள், பிறகு அதே தயக்கத்தை நெடுங்காலமாகச் சமாளித்து வரும் தொழில் எது என்று தேடுங்கள். 2020இல் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டு அதன் விலை பல மடங்கு உயர்ந்தபோது, மஞ்சள்தூளில் மா கலக்கிறார்கள் என்ற பேச்சு கொழும்பு முழுவதும் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சந்தேகம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. உங்கள் ஐந்து மில்களும் விலையில் போட்டியிடுகின்றன. உங்களிடம் வரும் அம்மாவோ வேறொன்றை மனதில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

நகைக்கடைகள் அந்தப் பயத்தை எப்படிக் கையாள்கின்றன என்பதைப் பாருங்கள். வாடிக்கையாளரின் கண்முன்னே உரைகல்லில் உரைக்கிறார்கள். தராசை அவருக்குத் தெரியும்படி வைத்து நிறுக்கிறார்கள். பற்றுச்சீட்டில் நிறை, கரட், செய்கூலி, சேதாரம் என்று தனித்தனியாக எழுதிக் கொடுக்கிறார்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது, தாங்கள் விற்ற நகையைப் பின்னொரு நாளில் தாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். தான் விற்றதைத் திரும்ப எடுக்கத் தயங்காதவர் கலப்படம் செய்திருக்க மாட்டார் என்று சனங்கள் நினைக்கிறார்கள்; அந்த நினைப்பு நியாயமானது.

இதை உங்கள் மில்லுக்குக் கொண்டுவந்தால் இப்படி இருக்கும். இன்று அரைத்த தூளுக்கு எந்தச் செத்தல் மிளகாயும் எந்த மல்லியும் போட்டீர்களோ, அவற்றில் ஒரு பிடியைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, நாளை எழுதி, முன்மேசையில் வையுங்கள். பொதியில் ஒட்டும் சிட்டையில் வறுத்த நாளையும், மிளகாய் எங்கிருந்து வந்தது என்பதையும், வேறு எதுவும் சேர்க்கவில்லை என்பதையும் எழுதுங்கள். உங்கள் தகப்பனாரின் அளவுக் கணக்கைச் சொல்ல வேண்டியதில்லை. நகைக்கடையும் ஆசாரியின் கைவேலை இரகசியத்தைச் சொல்வதில்லை. தூள் திருப்தியில்லை என்றால் பாதிப் பொதியையும் திருப்பிக் கொண்டுவரலாம் என்று எழுதிப் போடுங்கள். பயப்பட வேண்டாம், எங்கள் கடையில் மனக்குறையோடு நகையைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் மிகச் சிலரே.

தெமட்டகொடை கராஜ் எழுதியது:

கணக்கர் ஐயா சொன்ன வழியிலேயே இன்னொரு தயக்கத்தைச் சேர்க்கிறேன். அதைத் தயக்கம் என்பதைவிட மறதி என்று சொல்வதுதான் பொருத்தம். தூள் முடியும் நாளில் மழை பெய்தால், அல்லது அலுவலகத்தில் இருந்து வரும் வழியில் சுப்பர்மார்க்கெட் குறுக்கிட்டால், உங்கள் பழைய வாடிக்கையாளரும் அங்கேயே ஒரு பொதியை எடுத்துவிடுவார். உங்கள் மீது அவருக்கு ஒரு குறையும் இல்லை. அந்த நேரத்தில் நீங்கள் அவருடைய நினைவில் இல்லை, அவ்வளவுதான்.

ஒயில் மாற்றிய வண்டியின் கண்ணாடி மூலையிலோ கதவின் உட்புறத்திலோ நாங்கள் சிறிய சிட்டை ஒன்றை ஒட்டுகிறோம்: இன்ன திகதி, இத்தனை கிலோமீற்றர், அடுத்த சேர்விஸ் இத்தனை கிலோமீற்றரில், கீழே தொலைபேசி இலக்கம். அதற்கு ஆகும் செலவு சில ரூபாதான். விளம்பரப் பலகை வீதியில் நிற்கிறது. இந்தச் சிட்டையோ தேவை எழும் இடத்திலேயே, தேவை எழும் நாள் வரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. தூள் பொதியை எவரும் அப்படியே வைத்திருக்க மாட்டார்கள், டின்னிலோ போத்தலிலோ கொட்டிவிட்டுக் கடதாசியை எறிந்துவிடுவார்கள். ஆகவே டின் மூடியின் உட்புறத்தில் ஒட்டும்படி ஒரு தனிச் சிட்டையைக் கொடுங்கள், தங்கச்சி. டின்னின் அடி தெரியும் நாளில் அந்த இலக்கமும் கண்ணில் படும்.

தூள்மில் மகள் எழுதியது:

ஐயாவுக்கும் அண்ணாவுக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு பழைய பற்றுச்சீட்டுப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். ஒழுங்காக வரும் வீடுகள் ஏறக்குறைய ஐந்து அல்லது ஆறு கிழமைக்கு ஒரு தடவை வருகின்றன. ஆனால் வந்துகொண்டிருந்தவர்களில் யார் நின்றுவிட்டார் என்பதைக் கண்டுபிடிக்க என்னிடம் எந்த வழியும் இல்லை. தகப்பனாருக்கு முகங்கள் எல்லாம் மனப்பாடம், எனக்கு அது இல்லை.

இரண்டு சந்தேகங்கள் எழுகின்றன. ஆறு கிழமை ஆனதும் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினால் எரிச்சல் அடைவார்களா? மற்றது, ஷாம்பு நிறுவனங்களைப் போலச் சிறு பொதிகள் போட்டுப் பெட்டிக்கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று என் தம்பி சொல்கிறான். அது நல்ல யோசனையா?

வெள்ளவத்தைப் பார்மசி எழுதியது:

வட்ஸ்அப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மாத்திரை எடுப்பவர்களுக்கு, மருந்து முடிவதற்கு மூன்று நாட்களுக்கு முன் நாங்கள் ஒரு செய்தி அனுப்புகிறோம். அதை எல்லோரும் வரவேற்கிறார்கள், ஏனென்றால் அது அவர்களுடைய மருந்தைப் பற்றியது, அவர்களுடைய நாட்கணக்கில் வருகிறது. ஒரு தடவை அதே பட்டியலுக்கு முகப்பூச்சு ஒன்றின் விலைக்கழிவைப் பற்றி அனுப்பினோம். அன்றே சிலர் எங்கள் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு மாத்திரை நினைவூட்டலும் அதோடு நின்றுபோயிற்று என்பதை நினைக்க எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஆகவே இலக்கத்தை வாங்கும்போதே, எதற்காக வாங்குகிறீர்கள், எத்தனை நாளுக்கு ஒரு தடவை அனுப்புவீர்கள் என்பதைச் சொல்லிச் சம்மதம் பெறுங்கள்; சொன்னதைத் தவிர வேறெதையும் அனுப்பாதீர்கள். நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புறக்கோட்டைப் புடவைக்கடை எழுதியது:

பலிக்காதவற்றையும் கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது, அதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் அது ஏன் பலிக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடங்கள் பிடித்தன.

கோப்பிக் கடைகளில் கொடுக்கும் முத்திரை அட்டையைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. ஒன்பது கோப்பி குடித்தால் பத்தாவது இலவசம். நானும் அழகான அட்டை அச்சடித்து, பத்துத் தடவை புடவை எடுத்தால் ஒரு புடவை இலவசம் என்று அறிவித்தேன். ஒரு வீட்டார் புடவைக் கடைக்கு வருடத்தில் இரண்டு தடவை வருவார்கள், கல்யாணம் இருந்தால் மூன்று தடவை. பத்து முத்திரை சேர ஐந்து வருடம் ஆகும். அட்டைகள் காணாமல் போயின. அட்டையைத் தொலைத்த சிலர், தாங்கள் எட்டுத் தடவை வந்ததாகச் சொல்லி வாதிட்டார்கள். அவர்களுக்கு மறுப்புச் சொன்னதால் நல்ல வாடிக்கையாளர் சிலரின் மனம் கசந்தது. இல்லாத ஒரு மனக்கசப்பை நானே பணம் கொடுத்து அச்சடித்துக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

வருகையின் இடைவெளி ஒத்துப்போகவில்லை என்பது முதலில் புரிந்தது. இரண்டாவது காரணம் பிறகுதான் புரிந்தது, அது இன்னும் முக்கியமானது. அடிக்கடி பயணிப்பவர்களுக்கு மைல் கணக்கில் புள்ளி கொடுக்கும் திட்டத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981இல் தொடங்கியது. பின்னர் உலகத்தின் பெரும்பாலான விமான நிறுவனங்கள் அதைப் பின்பற்றின. விமானத்தில் வெறுமையாகப் போகும் ஓர் ஆசனத்தை ஒருவருக்கு இலவசமாகக் கொடுத்தால் நிறுவனத்துக்கு ஆகும் மேலதிகச் செலவு மிகக் குறைவு, ஏனென்றால் விமானம் புறப்பட்ட பிறகு அந்த ஆசனத்துக்குப் பெறுமதியே இல்லை. பெற்றுக்கொள்பவருக்கோ அது முழு டிக்கெட்டின் பெறுமதி. கோப்பியிலும் இது ஓரளவு உண்டு: கோப்பையின் விலையில் தூளுக்கும் பாலுக்கும் போவது ஒரு பகுதிதான். என் புடவையோ நான் முழு விலை கொடுத்து வாங்கி அடுக்கி வைத்தது. அதை இலவசமாகக் கொடுத்தால் என் கையில் இருந்து முழுதாகப் போகிறது. கொடுக்காமல் வைத்திருந்தால் நாளைக்கு விற்கலாம்.

இந்த இடத்தில் உங்கள் மில்லை யோசித்துப் பாருங்கள். இலவசத் தூள் கொடுத்தால் நீங்கள் என் நிலைமையில் இருப்பீர்கள். ஆனால் உங்களிடமும் வெறும் ஆசனம் ஒன்று இருக்கத்தான் வேண்டும். கிழமை நாட்களில் மத்தியானத்துக்குப் பிறகு உங்கள் இயந்திரம் சும்மா நிற்கிறதா? கூலியாளுக்கு எப்படியும் சம்பளம் கொடுக்கிறீர்கள். தூள் வாங்குபவர்களுக்கு அந்த நேரத்தில் மட்டும் ஒரு கிலோ அரிசியை இலவசமாக அரைத்துக் கொடுத்தால், உங்களுக்கு ஆவது மின்சாரச் செலவு மட்டுமே. அவர்களுக்கோ பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் புது மா. இதை மற்ற நால்வரும் பார்த்துச் செய்யலாம்தான். ஆயினும் எந்த நேரம் எந்த இயந்திரம் சும்மா நிற்கிறது என்பது ஒவ்வொரு மில்லுக்கும் வேறு வேறு, ஆகவே உங்களுக்கு இலாபமாக இருப்பது அவர்களுக்கு நட்டமாக முடியக்கூடும்.

தம்பி சொன்ன சிறு பொதியையும் இதே முறையில் உரைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில், கடலூரில், 1983இல் சி.கே. ரங்கநாதன் தொடங்கிய நிறுவனம் சிக் ஷாம்புவைச் சிறு பொதியில் விற்று வளர்ந்தது. அவருக்கு முன்பே அவருடைய தகப்பனார் சின்னி கிருஷ்ணன் அந்தச் சிறு பொதி முறையில் முன்னோடியாக இருந்தார். ஒரு போத்தலை ஒரே தடவையில் வாங்க முடியாத கிராமத்துக் குடும்பங்களுக்கு அது வழியைத் திறந்தது. அங்கே தடையாக இருந்தது கையில் உள்ள காசு. உங்களிடம் ஒருவர் நூறு கிராம் கேட்டாலும் நீங்கள் நிறுத்துக் கொடுக்கத்தான் போகிறீர்கள். ஆகவே காசு இங்கே தடையில்லை. அரைத்த தூள் சிறு பொதியில் பெட்டிக்கடைக் கொடியில் வெயிலில் தொங்கினால் வாசமும் போய்விடும், உங்கள் பெயரும் அதோடு போய்விடும். ஆனால் ஒரு கறிக்கு அளவான சிறு பொதியை, புதிதாக அரிசி அரைக்க வரும் ஒருவருக்கு அன்றைய தூளில் இருந்து கட்டிக் கொடுத்தால், அது வேறு விஷயம். அவர் வீட்டில் ஒரு நாள் உங்கள் தூளில் கறி வேகும்.

ஓய்வுபெற்ற தேயிலைக்காரர் எழுதியது:

புடவைக்கடைத் தம்பி எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது. என் தொழிலில் இருந்து நான் ஒன்றைச் சேர்க்கிறேன்.

கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு தொகுதியும் வெறும் தேயிலை என்ற பெயரில் வருவதில்லை. எந்தத் தோட்டம், எந்தத் தரம் என்ற விபரங்களோடு பட்டியலில் வரும். 4,000 அடிக்கு மேல் விளைந்தது, 2,000 அடிக்கும் 4,000 அடிக்கும் இடையில் விளைந்தது, அதற்குக் கீழே விளைந்தது என்ற பிரிவும் உண்டு. ஊவாவின் நல்ல தேயிலைக்கு ஒரு பருவம், திம்புளைக்கு வேறொரு பருவம். இப்படி இடத்தையும் உயரத்தையும் பருவத்தையும் சொல்லிச் சொல்லித்தான் ஒரு செடியின் இலையில் நூறு விதமான சுவை இருக்கிறது என்பதை உலகத்துக்கு இந்த நாடு கற்றுக்கொடுத்தது. ஒன்றுக்குப் பெயர் இல்லாதவரை விலையைத் தவிர வேறெதையும் வைத்து அதை ஒப்பிட முடியாது. உங்கள் ஐந்து மில்களும் விற்பது கறித்தூள் என்ற ஒரே பெயரில் என்றால், வாடிக்கையாளர் விலையைக் கேட்பதைத் தவிர வேறென்ன கேட்பார்?

ஆகவே உங்கள் தூளுக்குச் சொற்களைக் கொடுங்கள், மகள். கறுக்க வறுத்தது, இளம் பதத்தில் வறுத்தது. மீனுக்கானது, இறைச்சிக்கானது, மரக்கறிக்கானது. காரம் கூடியது, நிறம் கூடியது. இவை எல்லாம் உங்கள் தகப்பனாருக்குத் தெரிந்த வேறுபாடுகள்தான், வாடிக்கையாளர் கேட்டால் மட்டும் சொல்லியிருப்பார். அவற்றை எழுதி வைக்க வேண்டும்.

தேயிலை சுவைப்பவர் வேலை செய்யும் மேசையையும் நினைத்துப் பாருங்கள். வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரே நிறையில் தேயிலை, ஒரே அளவு கொதிநீர், ஒரே நேரக் கணக்கு. எல்லாம் ஒன்றாக இருப்பதால் வேறுபாடு மட்டும் எழுந்து நிற்கிறது. உங்கள் முன்மேசையிலும் மூன்று வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களில் மூன்று பதத்துத் தூளை வைத்து, வாடிக்கையாளரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அருகருகே முகர்ந்த ஒருவருக்குத் தன் விருப்பம் எது என்பது தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அவர் பெயர் சொல்லிக் கேட்பார், அந்தப் பெயரில் வேறு கடையில் தூள் கிடைக்காது.

தோமஸ் லிப்டனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் தேயிலைக்காரராகத் தொடங்கவில்லை. 1871இல் கிளாஸ்கோவில் பலசரக்குக் கடை திறந்து, பன்றி இறைச்சியும் வெண்ணெயும் பாற்கட்டியும் விற்றவர். 1890இல் இலங்கையில் தோட்டங்களை வாங்கியபோது, பலசரக்கில் கற்றதையெல்லாம் தேயிலைக்குக் கொண்டுவந்தார்: இடைத்தரகர் இல்லாமல் நேரே வாங்குவது, நிறை குறித்த பொதிகளில் அடைப்பது, ஒவ்வொரு பொதியும் ஒரே தரத்தில் இருக்கும் என்று உறுதி சொல்வது. பொதியில் தேயிலை விற்றவர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். ஆனாலும் தேயிலை வணிகத்துக்குள்ளேயே வளர்ந்தவர்களுக்குப் பழக்கமாகிப் போனவற்றை அவர் வெளியே இருந்து வந்த கண்ணால் பார்த்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். நீங்களும் இந்த மில்லுக்குப் புதிதாக வந்தவர். தகப்பனாரைப் போல முகங்கள் மனப்பாடம் இல்லையே என்று வருந்த வேண்டாம். உங்களுக்கு இப்போது விசித்திரமாகத் தோன்றுபவற்றை, அவை பழகிப்போவதற்கு முன், ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

கொழும்பு 6 ஆசிரியை எழுதியது:

எனக்குத் தொழில் அனுபவம் இல்லை, வாடிக்கையாளராக மட்டும் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒடியல் மா வாங்குவது குறைந்ததற்கு விலையும் காரணமில்லை, கலப்படப் பயமும் காரணமில்லை. அம்மா காலமான பிறகு கூழ் காய்ச்சத் தெரிந்தவர் வீட்டில் இல்லை.

மிச்செலின் டயர் நிறுவனம் 1900இல் பிரான்சில் வழிகாட்டி நூல் ஒன்றை இலவசமாக வெளியிட்டது. அப்போது அந்த நாட்டில் மூவாயிரம் மோட்டார் வண்டிகள்கூட இல்லை. எங்கே பெற்றோல் கிடைக்கும், எங்கே வண்டியைத் திருத்தலாம், எங்கே சாப்பிட்டுத் தங்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. மக்கள் கூடுதலாகப் பயணித்தால் டயர் தானாகத் தேயும் என்பதே அவர்கள் கணக்கு. உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் வழக்கம் 1926இல்தான் வந்தது.

உங்களிடமும் அப்படி ஒரு சிறு தாள் இருந்தால் நான் வாங்குவேன். ஒடியல் மாவை எத்தனை தடவை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால் கசப்புப் போகும், எந்த மீனை எப்போது போடுவது, பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்று உங்கள் அம்மாவோ தகப்பனாரோ சொல்லச் சொல்ல எழுதிப் பொதியோடு கொடுங்கள். நகைக்கடைகள் அட்சய திருதியையைத் தங்கம் வாங்கும் நாளாக நிலைநிறுத்திவிட்டன. மா அரைப்பவர்களுக்கு அப்படி ஒரு நாளைப் புதிதாக உருவாக்க வேண்டிய தேவைகூட இல்லை, ஆடிப்பிறப்பு இருக்கிறது. அரிசி மா, வறுத்த பயறு, பனங்கட்டி மூன்றையும் ஒரு வீட்டுக்கு அளவாக ஒரே பையில் கட்டி, கூழும் கொழுக்கட்டையும் செய்யும் முறையை எழுதிய தாளோடு அதற்கு முந்தைய கிழமையே வைத்தால், கொழும்பில் பிறந்து வளர்ந்த என் மகளும் அதைச் செய்து பார்ப்பாள்.

தெமட்டகொடை கராஜ் எழுதியது:

ஆசிரியையின் பதிவை வாசித்தபோது எங்கள் ஒழுங்கைக்கு மாலையில் மெட்டு ஒலித்தபடி பாண் விற்க வரும் சூன் பாண் ஓட்டோ நினைவுக்கு வந்தது. பீத்தோவனின் மெட்டு கேட்டதும் பிள்ளைகள் காசோடு வாசலுக்கு ஓடுகிறார்கள். அந்த ஓட்டோவில் எந்தக் கடையின் பெயர் எழுதியிருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரே நேரம், ஒரே அடையாளம், அவ்வளவுதான் அதன் விளம்பரம். மில்லிடம் மெட்டு இல்லை, வறுக்கும் வாசம் இருக்கிறது. எந்த நேரத்தில் வறுக்கிறீர்கள்?

தூள்மில் மகள் எழுதியது:

அண்ணா, விடியற்காலையில்தான் எல்லாவற்றையும் வறுக்கிறோம், ஏனென்றால் மிளகாய் வறுபடும்போது எழும் புகை அயலவர்களுக்கு இருமலை உண்டாக்கும். ஆனால் மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை ஆகியவற்றை மாலையில் வறுப்பதற்குத் தடை எதுவும் இல்லை. எப்படியும் அவற்றைத் தனித்தனியாகத்தான் வறுக்கிறோம். மாலை ஐந்து மணிக்குத் தேவாலயப் பக்கம் இருந்தும் பஸ் தரிப்பிடத்தில் இருந்தும் சனங்கள் எங்கள் வாசலைக் கடந்துதான் வீடு போகிறார்கள். இவ்வளவு நாளும் எங்களிடம் உள்ள மிக நல்ல வாசத்தை எல்லோரும் உறங்கும் நேரத்தில் வீணாக்கியிருக்கிறோம்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும் என்பதால், இந்த மாதம் மூன்றை மட்டும் செய்யப்போகிறேன். கண்ணாடிப் போத்தலும் வறுத்த நாள் எழுதிய சிட்டையும் முதலாவது. மாலை ஐந்து மணி வறுவல் இரண்டாவது. இயந்திரம் எந்த நேரத்தில் சும்மா நிற்கிறது என்பதை நான்கு கிழமை குறித்து வைப்பது மூன்றாவது. அந்தக் கணக்கு கையில் வந்த பிறகுதான் இலவச அரிசி அரைப்பைப் பற்றி முடிவெடுப்பேன். ஆடிப்பிறப்புப் பைக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் கூழ் செய்முறையை அம்மாவிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டு எழுதிவிடுவேன். தம்பியின் பெட்டிக்கடைப் பொதியை விட்டுவிடுகிறோம். புதியவர்களுக்கு ஒரு கறிக்கு அளவாகக் கட்டிக் கொடுக்கும் பொறுப்பை அவனே எடுத்துக்கொண்டான்.

புறக்கோட்டைப் புடவைக்கடை எழுதியது:

நல்லது தங்கச்சி. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: தொடங்குவதற்கு முன், இந்தக் கிழமை ஒரு நாளில் எத்தனை பேர் தூளுக்கு வருகிறார்கள், எத்தனை பேர் கூலிக்கு அரைக்க வருகிறார்கள், எத்தனை பேர் புது முகம் என்பதை எண்ணி எழுதுங்கள். நான் முத்திரை அட்டையைத் தொடங்கியபோது அதைச் செய்யவில்லை, அதனால்தான் இரண்டு வருடங்கள் போயின.

தூள்மில் மகள் எழுதியது:

இன்று காலையில் இருந்து எண்ணத் தொடங்கிவிட்டோம், அண்ணா. புது முகம் யார் என்பது எனக்குத் தெரியாததால், தகப்பனார் கதிரையைப் போட்டு முன்மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார். நான் கொப்பியில் கோடு போடுகிறேன். மதியம் வரை முப்பத்தொரு பேர், அவர்களில் நான்கு பேர் புதியவர்கள்.